கடைசியில் குடித்தவன்

என் அண்ணன் தாவீதின் இடது காலை உடைத்தவன் பெயர் குப்புராஜ். ஊர் நிலக்காரர் பச்சையப்பனின் கூடப்பிறந்த தம்பி. ஏதோ கூட்டத்தில் தவறிப்போய் அடிபட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பட்டப்பகலில், நடுத்தெருவில், இரண்டு பேர் அண்ணனை மல்லாக்கப் பிடித்துக்கொள்ள, குப்புராஜ் கடப்பாறையைத் தலைக்கு மேல் தூக்கிக் கணுக்காலில் இறக்கினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அண்ணன் செய்த குற்றம், காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடந்தது.

அந்த பூட்ஸ் பர்மாக் காட்டில் செத்துக் கிடந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் காலிலிருந்து கழற்றியது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட வருஷம் நாங்கள் அங்கிருந்து நடந்தே வந்தோம். வழியில் நைனாவும் அம்மாவும் பேதியில் போனார்கள். புதைக்க நேரமில்லாமல் மூங்கில் இலையைப் போட்டு மூடிவிட்டு நடந்தோம். நான் சின்னப் பெண். முடியாதபோதெல்லாம் அண்ணன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். மலையிலும் சேற்றிலும் ஒன்றும் ஆகாத கால், சொந்த ஊருக்கு வந்த மறுவாரமே உடைந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அது நாற்பத்திரண்டில். நான் சொல்ல வந்தது ஐம்பத்துநாலில் நடந்தது.

எங்கள் குடியிருப்புக்குத் துரைப்பேட்டை என்று பெயர். பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு போகிற சாலையை ஒட்டி, ஆற்றோர மேட்டில் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு மிஷன் துரை வந்து இங்கே கஞ்சித்தொட்டி வைத்தார். சேரி முழுக்க அவரிடம் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது. ஊர்க்காரர்கள் எங்களைக் கஞ்சிக்காரர்கள் என்று கேலி செய்வார்கள். ஆமாம், கஞ்சிக்குத்தான் சேர்ந்தார்கள். பசித்தவன் கஞ்சிக்குச் சேராமல் வேறு எதற்குச் சேருவான்? துரை நல்லவர்தான். ஆனால் அந்தப் பஞ்சத்திலும் நெல்லைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது அவருடைய ஜனங்கள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சர்க்காரிடம் பேசி மேட்டுநிலத்தைக் குடியிருக்க வாங்கிக்கொடுத்தவர் அவர். எங்கள் வேதக்கோயில் சுவரில் அவர் கட்டியதாகக் கல்வெட்டு இருக்கிறது. கூரைக்குத் தேக்கு அனுப்பியது யார் என்று கல்வெட்டில் இல்லை. ரங்கூன் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய எங்கள் ஆட்கள் அனுப்பினார்கள். என் தாத்தா அவர்களில் ஒருவர். விக்டோரியா ராணியின் பெயரை எனக்கு வைத்ததும் அவர்தான். அந்தப் பெயரோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் துரை சில கட்டளைகளை வைத்துவிட்டுப் போனார். பறை அடிக்கக் கூடாது. ஊர்க்காரர்களின் பிணத்துக்குக் குழி வெட்டப் போகக் கூடாது. போனால் கோயிலில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்திலிருந்து தள்ளிவைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க ஒரே கிண்ணம்தான். வரிசையாக மண்டியிட்டு, ஒருவர் வாய் வைத்த கிண்ணத்தில் அடுத்தவர் வாய் வைக்க வேண்டும். ஆதியில் ஊருக்குள்ளிருந்து இரண்டு குடும்பம் வேதத்தில் சேர வந்தார்களாம். கிண்ணத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள். துரை கூப்பிடவில்லை. எனக்கு அந்த மனுஷனிடம் பிடித்தது அது ஒன்றுதான்.

சுதந்திரம் வந்த பிறகு துரைமார்கள் கப்பலேறினார்கள். எங்களுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஞானமுத்து என்று ஒரு போதகர் வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சாதுவானவர். ஊர்க்காரர்களைப் பார்த்தால் இன்னும் சாதுவாகிவிடுவார்.

ஐம்பத்துமூன்று கோடையில் ஊருக்குள் வைசூரி வந்தது. குப்புராஜின் ஒரே மகள் அதில் செத்துப்போனாள். பச்சையப்பன் உள்பட ஊரில் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. பயம். குழந்தையை வாழையிலையில் கிடத்தி வைத்துவிட்டுக் குப்புராஜ் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று சேதி வந்தது. என் அண்ணன் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"எங்க போற?" என்றேன்.

"கொழந்தைய பொதைக்கணும்."

"உன் கால ஒடச்சவன் ஊட்டுக்கா? ஐயரு உன்னைத் தள்ளிவெச்சிடுவாரு. தெரியுமில்ல?"

"கொழந்த இன்னா பண்ணுச்சி?" என்று கேட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனான். அவனே குழந்தையைத் தூக்கிப்போய், அவனே குழி வெட்டி, அவனே மூடினான். நான் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நினைத்தபடியே ஐயர் அவனைத் திருவிருந்திலிருந்து தள்ளிவைத்தார். ஒரு வருஷம் அவன் கோயில் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் கேட்டான்.

குழந்தையைப் புதைத்த பிறகு குப்புராஜ் கோயிலுக்கு வர ஆரம்பித்தான். முதலில் சன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றான். அப்புறம் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். ஒருநாள் ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டான். ஐயருக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸுக்கும் சீமைக்கும் கடிதம் எழுதினார். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சேர்ந்து இருப்பது ஒரு செய்தியில்லை. ஊர்க்காரன் ஒருத்தன் வந்ததும் ஆத்துமா அறுவடை ஆகிவிட்டது. எனக்கு வயிறெரிந்தது. அவன் குளத்தில் முங்கி எழுந்து தண்ணீர் சொட்ட நின்றபோது, இந்தத் தண்ணீர் எதைக் கழுவும் என்றுதான் நினைத்தேன்.

அவனுடைய முதல் திருவிருந்துக்கு முந்தின வாரம் பச்சையப்பன் மாட்டுவண்டியில் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஐயர்தான் வெயிலில் வந்து நின்றார். பள்ளிக்கூட வாசலிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"ஐயரே, வேதத்துல சேர்றது அவன் இஷ்டம். பட்டணத்துல எத்தினியோ பெரிய மனுசங்க சேந்துகினு கீறாங்க. நான் வாணாங்கல. ஆனா சேரிக்காரன் வாய் வெச்ச கிண்ணத்துல என் தம்பி வாய் வெக்கக் கூடாது. அத்த மட்டும் பாத்துக்கோ."

"அதுக்கென்னங்க, அவரையே முதல்ல வச்சிருவோம். முதல்ல குடிக்கிறவருக்கு எச்சில்னு ஒண்ணு கிடையாதுல்லா" என்றார் ஐயர்.

பச்சையப்பன் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வண்டி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஐயர் இதை அன்பினால் இடம் கொடுப்பது என்று விளக்கினார். அண்ணனுக்கும் அதே திருவிருந்தில்தான் தள்ளிவைப்பு முடிந்து சபைக்குள் திரும்ப வருகிற நாள் குறித்திருந்தது. அப்படித் திரும்பி வருகிறவன் வரிசையில் கடைசியாகத்தான் மண்டியிட வேண்டும், அது எங்கள் வழக்கம். ஆக, காலை உடைத்தவன் முதலில், உடைபட்டவன் கடைசியில்.

அந்த நாள் வந்தது. கோயில் நிறைய ஜனம். வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் சிலர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். பீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதி ஓரமாக வரிசையில் மண்டியிட்டோம். குப்புராஜ் வெள்ளை வேட்டியில் முதல் ஆளாக இருந்தான். ஐயர் கிண்ணத்தைத் துடைத்து அவனிடம் கொண்டுவந்தார். அவன் கிண்ணத்தைப் பார்த்தான், பிறகு எழுந்தான். எங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசை நெடுக நடந்து போய், அண்ணனுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக மண்டியிட்டான்.

ஐயரால் சடங்கை நிறுத்த முடியாது. அடுத்த ஆளிடம் போனார். கிண்ணம் ஒவ்வொரு வாயாக வந்தது. நான் குடித்தேன். அண்ணன் குடித்தான். மீதி எல்லாவற்றையும் குப்புராஜ் வாய் வைத்துக் குடித்தான். என் வாய் பட்ட கிண்ணத்தில் அவன் வாய் படுகிறது என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. சேரிக்காரி எனக்கே எச்சில் பார்க்கிற புத்தி வந்துவிட்டதை நினைத்து இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாசலில் நின்ற ஊர்க்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வழியாக ஓடினார்கள்.

கடைசிப் பாட்டு முடிவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். கம்பு, கொடுவாள், கடப்பாறை என்று கைக்கு ஒன்று. முப்பது பேருக்குக் குறையாது. பச்சையப்பன் முன்னால் வந்தார். யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். ஒரு கல் சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து ஐயரின் நெற்றியில் பட்டது. அவர் அங்கியெல்லாம் ரத்தமாகச் சரிந்து உட்கார்ந்தார்.

"பொறுமையா இருங்க, பொறுமையா இருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். பொறுமையாக இல்லாதவர்கள் எல்லாரும் வெளியே இருந்தார்கள்.

அடுத்து வீடுகளைக் கொளுத்தினார்கள். எங்களுடையது எல்லாம் பனையோலைக் கூரை. பங்குனி வெயிலில் காய்ந்து கிடந்தது. முதலில் பிடித்தது எங்கள் வீடுதான், ஏனென்றால் அதுதான் கோயிலுக்குப் பக்கம். பெண்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் கீழே பதுங்கினார்கள். எங்களில் இரண்டு இளவட்டங்கள் பின்வாசலால் தண்ணீர்க் குடத்தோடு ஓடினார்கள். ஒருத்தன் மண்டை உடைந்து திரும்பி வந்தான். இன்னொருத்தன் வரவில்லை. வெளியே அவனைக் கம்பால் அடிக்கிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

பச்சையப்பனின் குரல் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"என் தம்பிய வெளியே உடுங்க. நாக்குல பொன்னு காச்சி வெச்சி தீட்டு கழிச்சி இட்டுகினு போறோம். அவன் சாமி கும்பிடறது எனக்கு ஒரு பேஜாரும் இல்ல. எச்சி குடிச்சதுக்குத்தான் இந்தக் கணக்கு. அவனை உடலன்னா, அவனுக்கு முன்னாடி குடிச்சான் பாரு அந்த நொண்டி, அவன் நாக்க அறுத்துகினு போவேன்."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். பிறகு குப்புராஜைப் பார்த்தார்கள். அவன் சுவரோரம் மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அண்ணன் ஒருத்தன்தான். "இவரை வெளியே அனுப்புங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "இவரு ஆளுங்க, இவரு தீட்டு. நடுவுல எங்கண்ணன் எதுக்குச் சாவணும்?"

ஐயர் என்னை அடக்கப் பார்த்தார். "விக்டோரியா, அவரும் இப்ப நம்ம சபையில்லா" என்றார்.

"போன வாரம் முதல்ல வெச்சி குடிப்பாட்டறேன்னு சொன்னீங்களே, அப்ப எந்தச் சபை?"

அண்ணன் கோலை ஊன்றிக் குப்புராஜிடம் போனான். இத்தனை வருஷத்தில் அவனிடம் நேராக ஒன்றும் கேட்டதில்லை.

"எதுக்கு எய்ந்து வந்தே?" என்றான். "சொன்ன எடத்துலயே குடிச்சிருக்கலாமில்ல."

குப்புராஜ் நிமிர்ந்து பார்த்தான். "எம் பொண்ணு மேல கடேசி மண்ணு போட்டவன் நீ. உன்னைப் பின்னால நிக்க வெச்சிட்டு நான் எப்டி முன்னால குடிக்கிறது?"

"அப்ப கால ஒடச்சதுக்கு?" என்று நான் கேட்டேன்.

குப்புராஜ் அண்ணனின் காலைப் பார்த்தான். கணுக்காலுக்குக் கீழே பாதம் உள்பக்கமாகத் திரும்பி, காய்ந்த கட்டை மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே எழுந்தான். தாழ்ப்பாளை அவனே திறந்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்தான். அவன் உதறிவிட்டு வெளியே போனான். அண்ணனும் பின்னால் போய்விட்டான். நான் அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டே வெளியே ஓடினேன்.

குப்புராஜின் வேட்டியை உருவிக் கோவணத்தோடு மண்டியிட வைத்தார்கள். பச்சையப்பன் மடியிலிருந்து பொன் கம்பி ஒன்றை எடுத்தார். விரல் நீளம் இருக்கும். அந்தக் குடும்பத்தில் சாதி கெட்டுத் திரும்பி வருகிறவனுக்கு இதைச் செய்வது வழக்கமாம். கப்பலேறிப் போய்விட்டு வந்த அவர்கள் பாட்டனுக்கும் இதே கம்பிதானாம். நெருப்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டு உத்தரம் எரிந்து விழுந்து தணலாகிக் கிடந்தது. அதில் கம்பியைச் செருகிக் காய்ச்சினார்கள். நாங்கள் சமைத்த, படுத்த, ஜெபம் பண்ணின வீட்டு நெருப்பில்.

இரண்டு பேர் தாடையைப் பிடித்துத் திறந்தார்கள். ஒருத்தன் நாக்கைத் துணியால் பற்றி இழுத்தான். பச்சையப்பன் கிடுக்கியில் கம்பியை எடுத்து நாக்கின் மேல் வைத்தார். தொட்டு எடுப்பதுதான் வழக்கம். அவர் எடுக்கவில்லை. சத்தமும் வந்தது, வாசனையும் வந்தது. குப்புராஜின் கால்கள் மண்ணை உதைத்தன. அவன் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை, அண்ணன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பச்சையப்பன் ஆள் ஒருத்தனிடமிருந்து கடப்பாறையை வாங்கினார்.

"இவன் நம்ம ஆளுன்னு இவனே காட்டணும்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அந்த நொண்டிக்கு இன்னொரு காலு கீது. பிடாரி மேல ஆணை. ஒரு காலு ஒடையாம இந்தக் கடப்பாற ஊரு திரும்பாது."

கூட்டம் ஆமாம் போட்டது. அண்ணனை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். நான் கடித்தேன், பிறாண்டினேன். ஒருத்தன் கம்பின் நுனியால் என் வயிற்றில் குத்தினான். மூச்சு வராமல் விழுந்தேன். அண்ணனைத் தரையில் போட்டு, நல்ல காலை எங்கள் வீட்டு அம்மிக்கல்லின் மேல் தூக்கி வைத்தார்கள். அவன் விலாவில் யாரோ மிதித்ததும் அவனுக்கும் மூச்சு நின்றது. கத்தக்கூட இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடுத்தெருவில் எப்படி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தானோ அப்படியே கிடந்தான். இரண்டு காலும் போனால் அவன் வயலில் இறங்க முடியாது, மண் வெட்ட முடியாது, கோயிலுக்கும் நான்தான் தூக்கிப்போக வேண்டும். அதுவரைக்கும் என் மனது ஓடிவிட்டது.

குப்புராஜின் கையில் கடப்பாறையைத் திணித்தார்கள். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வழிந்தது. அவன் எழுந்து நின்றான். கடப்பாறையைப் பிடித்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. தலைக்கு மேல் தூக்கினான்.

நான் அந்த நேரத்தில் கர்த்தரைக் கூப்பிடவில்லை. அவனை வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவன் இடது காலை எட்டி முன்னால் போட்டான். அம்மிக்கல்லின் ஓரத்தில், அண்ணன் காலுக்குப் பக்கத்தில், தன் பாதத்தை வைத்தான். வைத்ததை எல்லாரும் பார்த்தோம், என்ன செய்யப்போகிறான் என்று ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கடப்பாறை இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். ஆனால் கத்தியது அண்ணன் இல்லை.

குப்புராஜ் விழவில்லை. கடப்பாறையை மறுபடி தூக்கி, அதே காலில், அதே இடத்தில் இன்னொரு தடவை இறக்கினான். அப்புறம்தான் சரிந்தான். அண்ணன் மேலேயே விழுந்தான். அண்ணன் அவனைத் தள்ளவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் வாய் ரத்தம் அண்ணன் கழுத்தில் வழிந்தது.

பச்சையப்பனின் ஆணை நிறைவேறிவிட்டது. ஒரு கால் உடைந்துவிட்டது. யாருடைய கால் என்று அவர் சொல்லவில்லையே. கூட்டத்தில் ஒருவன் அதை முணுமுணுத்தான். இன்னொருவன் பிடாரிக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"தூக்குங்கடா அவனை" என்றார் பச்சையப்பன்.

ஒருத்தரும் அசையவில்லை. அவன் சேரிக்காரன் மேல் கிடந்தான். அவன் ரத்தம் சேரிக்காரன் உடம்பெல்லாம் பட்டுக் கிடந்தது. தொட்டால் தொட்டவனுக்கும் நாக்கில் கம்பி வைக்க வேண்டிவரும் என்று பயந்தார்களோ என்னவோ. பச்சையப்பனே இரண்டடி முன்னால் வந்தார். குனிந்தார். குப்புராஜ் அண்ணனின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பச்சையப்பன் நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவார் போலிருந்தது. அழவில்லை. கடப்பாறையை எடுத்துக்கொண்டு, புகையைப் பார்த்துப் போலீஸ் வருவதற்குள், ஆட்களோடு வரப்பில் இறங்கினார்.

பின்வாசலால் போன பையன், சின்னப்பன் என்று பெயர், கிணற்றடியில் செத்துக் கிடந்தான். எங்கள் பேட்டையில் அன்று மொத்தம் பத்து வீடுகள் எரிந்துபோயின. ஐயர் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சின்னப்பனின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. அதற்காக அவரைக் கொஞ்சம் மதித்தேன்.

பழவேற்காட்டிலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போகிற சலாஹுதீன் பாய் சாலையில் வண்டியை நிறுத்தினார். புகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. கருவாட்டுக் கூடைகளை இறக்கி மரத்தடியில் வைத்துவிட்டு, "ஏத்தும்மா சீக்கிரம்" என்றார்.

"நீ போ, பாப்பா" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். விலா எலும்பு போயிருந்ததால் அவனால் எழுந்திருக்க முடியவில்லை, வண்டியிலும் இன்னொருத்தரைக் கிடத்த இடமில்லை. "அவனுக்குப் பேச முடியாது. யாருன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்."

"நான் உன்னை உட்டுட்டு எங்கயும் போமாட்டேன்."

"எனக்கு இத்தினி பேரு கீறாங்க. அவனுக்கு யாரு கீறா?"

நான் அவனைத் திட்டிக்கொண்டேதான் வண்டியில் ஏறினேன். மாடு ஓடியது. குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் குப்புராஜ் முனகினான். உடைந்த கால் அங்குமிங்கும் ஆடாமல் இருக்க அதை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிடித்துக்கொண்டேன். என் புடவை ஊறிப்போய்விட்டது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தார்.

"இவரு உனக்கு இன்னா வேணும்?"

"எங்கண்ணன் கால ஒடச்சவரு" என்றேன்.

அவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். "வெளாடறியா?"

"வெளாடல. கேட்டீங்க, சொன்னேன்."

அவர் குப்புராஜைப் பார்த்தார். குப்புராஜ் ஆமாம் என்று தலையாட்டினான்.

டாக்டர் வந்து காலைப் பார்த்தார். எலும்பை இழுத்து நேராக்க வேண்டும், நாக்கு இப்படி வீங்கியிருக்கும்போது மயக்கமருந்து கொடுத்தால் மூச்சடைத்துவிடும், அதனால் கையையும் தோளையும் யாராவது அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார். சலாஹுதீன் பாய் தோளைப் பிடித்தார். கையை நான் பிடித்தேன். கடப்பாறை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. என் அண்ணனை நடுத்தெருவில் நொண்டியாக்கிய கை.

டாக்டர் இழுத்தார். குப்புராஜ் கத்தினான். வெந்த நாக்கில் அது ஒரு சொல்லாகவும் வரவில்லை. என் விரல்கள் நொறுங்கிவிடும் என்று நினைத்தேன், அப்படி இறுக்கினான். என் கோபம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால், போகவில்லை, ஒரு துளிகூடப் போகவில்லை. டாக்டர் இன்னொரு தடவை இழுக்க வேண்டும் என்றார். நான் கையை விடாமல் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.